எபிரெயர் 8:7-ல் ‘பிழை’ என்றால் அது யாருடைய பிழை?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பு என் பொறுப்பு. பதினோரு பேர், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. இந்த மாதம் புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபம் ஓடுகிறது. போன ஞாயிறு 8-ம் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு 7-ம் வசனம் வந்தது. “அந்த முதலாம் உடன்படிக்கை பிழையில்லாதிருந்ததானால், இரண்டாம் உடன்படிக்கைக்கு இடம் தேடவேண்டுவதில்லையே.”

வாசித்துவிட்டு உட்காராமல் நின்றாள். “டீச்சர், முதல் உடன்படிக்கையும் கடவுள் எழுதினதுதானே? அவரே விரலால கற்பலகையில எழுதினார்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப பிழை யாருது?”

நான் சின்ன வயதில் மனப்பாடம் பண்ணினதைச் சொன்னேன். பழையது நிழல், புதியது பொருள், அதனால் புதியது விசேஷித்தது. அவள் உட்கார்ந்தாள். ஆனால் முகம் தெளியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கும் தெளியவில்லை. நிழல் என்று சொன்னால் பிழை என்ற சொல்லுக்குப் பதில் ஆகிவிடுமா?

இன்னும் இரண்டு இடங்களில் எனக்கே தடுக்கிறது. 9-ம் அதிகாரம் 15-ம் வசனம் வரை ‘உடன்படிக்கை’ என்று வந்துகொண்டிருந்தது, 16-ல் ‘மரணசாசனம்’ ஆகிவிடுகிறது. ஏன்? மற்றது, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். புது உடன்படிக்கை வந்தால் “ஒருவன் தன் அயலானுக்கும், ஒருவன் தன் சகோதரனுக்கும் போதிக்கவேண்டுவதில்லை” என்று 8:11 சொல்கிறது. அப்படியானால் ஞாயிறுதோறும் நான் சாக்பீஸோடு போய் நிற்கிறது எதற்காக?

தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய பத்திர எழுத்தர்:

ஸ்தோத்திரம் டீச்சரம்மா. நான் வேதசாஸ்திரக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் 34 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எபிரெயர் 8, 9, 10 மூன்று அதிகாரத்தையும் தொழில்காரன் கண்ணோடுதான் வாசித்திருக்கிறேன். அந்த வழியிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் பத்திரத்தில் பிழை என்றால் சர்வே எண் மாறியிருக்கும், நான்கெல்லையில் கிழக்கு மேற்காகியிருக்கும், தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். எழுதிக்கொடுத்தவரையும் எழுதி வாங்கினவரையும் மறுபடி வரவழைத்துப் பிழைதிருத்தல் பத்திரம் போடுவோம். உங்கள் வகுப்புப் பிள்ளை 7-ம் வசனத்தை அப்படித்தான் கேட்டிருக்கிறாள். கடவுள் முதலில் ஏதோ தவறாக எழுதிவிட்டார், பிறகு திருத்தி எழுதினார் என்று.

அவளை அடுத்த வசனத்தின் முதல் இரண்டு சொல்லை வாசிக்கச் சொல்லுங்கள். “அவர்களைக் குற்றப்படுத்தி.” அதைக் குற்றப்படுத்தி என்று இல்லை, அவர்களை என்று இருக்கிறது. எழுத்தில் கோளாறு இல்லை, கைச்சாத்துப் போட்டவர்களிடத்தில்தான் கோளாறு. பவுலும் ரோமர் 7-ல், மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளது என்றே சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் அது மாம்சத்தினாலே பலவீனமாயிருந்தது என்கிறார்.

யாத்திராகமம் 24-ஐ எடுத்துப் பாருங்கள். அது முழுக்க ஒரு பத்திரப்பதிவு மாதிரியே நடக்கிறது. மோசே உடன்படிக்கையின் புஸ்தகத்தை எடுத்து ஜனங்கள் காதுகேட்க வாசிக்கிறான். நாங்களும் கையெழுத்துக்கு முன் முழுசாக வாசித்துக் காட்டுவோம். ஜனங்கள் சம்மதம் சொல்கிறார்கள், கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம் என்று. பலியின் இரத்தத்தில் பாதி முன்பே பலிபீடத்தின்மேல், இப்போது மறுபாதி ஜனங்கள்மேல். இரண்டு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று. மோசே மலைக்கு ஏறி நாற்பது நாள் இருக்கிறான். கீழே ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி தயாராகிவிட்டது. மை காயுமுன்னே மீறின பத்திரங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் நான் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு அங்கமான அன்று சபை நடுவே நின்று சொன்ன வாக்கும் அதேதான், அதை நான் காத்த லட்சணமும் எனக்குத் தெரியும்.

இப்போது புது உடன்படிக்கையை வாக்களிக்கிற எரேமியா 31:33, 34-க்கு வாருங்கள். எபிரெயர் 8 அதை அப்படியே எடுத்து எழுதுகிறது. வினைச்சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வைப்பேன், எழுதுவேன், தேவனாயிருப்பேன், மன்னிப்பேன், நினையாதிருப்பேன். செய்கிறவர் எல்லா இடத்திலும் அவரே. ‘நாங்கள் செய்வோம்’ என்று ஜனங்கள் ஒப்புக்கொள்ளுகிற வாசகம் அதில் ஒன்றுகூட இல்லை. முந்தினது இருதரப்பு ஒப்பந்தம். இதில் ஒருவரே எழுதிக்கொடுக்கிறார்.

அப்படி ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுகிற ஆவணம் எது? உயில். எழுதினவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. சொத்தை வாங்கப்போகிறவர் கையெழுத்துப் போடவேண்டியதே இல்லை, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். ‘மரணசாசனம்’ அங்கே வருவது இதனால்தான். கிரேக்கத்தில் தியாத்தேக்கே என்ற ஒரே சொல்தான் உடன்படிக்கைக்கும் உயிலுக்கும். தமிழில் அதை நாம் மூன்றாக்கி வைத்திருக்கிறோம். புஸ்தகத்தின் அட்டையில் ‘ஏற்பாடு’, உள்ளே ‘உடன்படிக்கை’, 9:16-ல் ‘மரணசாசனம்’. நிருபத்தை எழுதினவர் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்தையும் தெரிந்தே பிடித்துக்கொள்கிறார்.

ஒரு பெரியவருக்கு உயில் எழுதிக்கொடுத்தேன். பதிவும் ஆயிற்று. அடுத்த வாரம் மூத்த மகன் அதன் நகலோடு வந்து நின்றார், இதைக் காட்டி எங்கேயாவது பணம் வாங்கலாமா என்று. “அப்பாவுக்கு மூச்சு இருக்கிறவரை இது வெறும் காகிதம் தம்பி” என்றேன். 9:17-ம் அதைத்தான் சொல்கிறது: “மரணமுண்டான பின்பே மரணசாசனம் உறுதிப்படும்.” நான் எழுதின உயில்களில் எழுதினவர் போனபின் அதை நிறைவேற்றிவைக்க வேறொருவரை நியமிப்போம். அவர் நேர்மையாக நடப்பாரா என்கிற பயம் எழுதுகிறவர் கண்ணில் தெரியும். இயேசு எழுதின உயிலில் மட்டும் எழுதினவரே மரித்து, உயிர்த்து, தாமே நிறைவேற்றுகிறவராக நிற்கிறார்.

இன்னும் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு நிறுத்த முடியாது. 7:22-ல் இயேசு விசேஷித்த உடன்படிக்கைக்குப் பிணையாளி ஆனார் என்று இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. பிணையாளி என்றால் ஜாமீன். 1990-களில் நான் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் கடன் சங்கத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனுஷர்தான், தொழில் நொடித்துக் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. மூன்று வருஷம் தவணை கட்டினேன். என் மனைவியின் வளையல் அதில்தான் போனது, அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில் ஒரு இரவு 7:22 கண்ணில் பட்டது. அதுவரை எத்தனை தரம் வாசித்தும் எனக்கு அது உறைத்ததில்லை. நான் ஏமாந்து கட்டினேன். அவர் என்னைத் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இவன் கட்டமாட்டான், நான்தான் கட்டவேண்டிவரும் என்று தெரிந்தே. அன்றைக்கு அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இன்னும் யோசிக்க வேண்டும். பிறகு வருகிறேன்.

மதுரை வாசகர்:

பெரியவர் எழுதினதை இரண்டு முறை வாசித்தேன். நன்றி ஐயா. நான் கத்தோலிக்கன், எங்கள் பூசையில் கிண்ணத்தை உயர்த்தும்போது கேட்கிற சொல்லே உடன்படிக்கைதான், ஆனால் ஜாமீன் என்று நினைத்துக் கேட்டதில்லை.

சொல்லைப்பற்றி ஒன்று சேர்க்கலாம். எபிரேயத்தில் உடன்படிக்கைக்கு ‘பெரீத்’. அதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன யூத மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘சின்தேக்கே’ என்ற இன்னொரு சொல்லும் கையில் இருந்தது. சமமான இரண்டு பேர் பேசி முடிக்கிற ஒப்பந்தம் அது. அவர்கள் பெரும்பாலும் அதைத் தொடாமல் ‘தியாத்தேக்கே’யை எடுத்தார்கள். கடவுளும் மனிதனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசவில்லை என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது. ஆக, ஒருவரே கொடுப்பது என்கிற தொனி பழைய உடன்படிக்கையின் சொல்லிலும் இருந்தது. ஆதியாகமம் 15-ல் இரண்டாகப் பிளந்து வைத்த மிருகங்களின் நடுவே நடந்துபோனது புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும்தான், ஆபிரகாம் நடக்கவில்லை. எரேமியா 34-ல் கன்றுக்குட்டியைத் துண்டித்து நடுவே கடந்துபோன பிரபுக்களையும் பாருங்கள். வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி என்று ஒப்புக்கொள்கிற சடங்கு அது. ஆபிரகாமிடம் கடவுள் அதைத் தம்மேல் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் சொல்லும்போது ‘யூதர்களைக் கடவுள் தள்ளிவிட்டார், நம்மை எடுத்துக்கொண்டார்’ என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளாதபடி பாருங்கள். எரேமியா அந்த வாக்குறுதியை இஸ்ரவேல் குடும்பத்துக்கும் யூதா குடும்பத்துக்கும்தான் சொன்னார், நமக்கு நேராகச் சொல்லவில்லை. நாம் உள்ளே சேர்க்கப்பட்டவர்கள். ரோமர் 11-ல் பவுல் நம்மை ஒலிவமரத்தில் ஒட்டவைத்த காட்டு ஒலிவமரக் கிளை என்கிறார், கடவுளின் அழைப்பு மாறாதது என்றும் அங்கேயே சொல்கிறார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நோஸ்த்ரா ஏத்தாத்தே ஏட்டில் யூத மக்களைப்பற்றிப் பேசியபோது இந்த அதிகாரத்தின்மேல்தான் நின்றது. ‘புது உடன்படிக்கை’ என்ற பேச்சும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. சாக்கடல் கரையில் கிடைத்த சுருள்களில் தமஸ்கு ஏடு என்று ஒன்று உண்டு. அந்த யூதக் குழுவினர் தங்களையே ‘தமஸ்கு தேசத்தில் புது உடன்படிக்கைக்குள் வந்தவர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். எரேமியாவின் சொல்லுக்காக ஏங்கினவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள்.

நிருபத்தை எழுதினவர் பழையதை மட்டம் தட்டுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தேவாலயத்தையும் பலியையும் உள்ளூர நேசித்த ஒருவரால்தான் பழைய ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு பொருளையும் 9-ம் அதிகாரத்தில் அப்படி வரிசையாகச் சொல்ல முடியும்.

புதிய விசுவாசி:

எல்லாம் சரி. ஆனா 8:13 பழையது உருவழிந்துபோகும்னு தெளிவா சொல்லுதே. அப்ப பழைய ஏற்பாட்டை எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு வாசிக்கணும்? நான் இரட்சிக்கப்பட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. லேவியராகமத்துல நின்னு போயிடுச்சு. புதிய ஏற்பாடு மட்டும் போதும்னு விட்டுட்டேன். இது தப்பா?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மதுரை சகோதரர் சொன்ன எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டேன்.

தம்பி, லேவியராகமம் 16-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். நேற்று ராத்திரி அதையும் எபிரெயர் 10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். வருஷத்துக்கு ஒரு நாள். இரண்டு வெள்ளாட்டுக்கடா. ஒன்று பலி, மற்றதன் தலையில் ஆரோன் இரண்டு கையையும் வைத்து ஜனங்களுடைய அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, போக்காடாக வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! ஆனால் அடுத்த வருஷம் மறுபடியும் இரண்டு கடா.

வாசித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் அம்மாவின் ஆரம் நினைவுக்கு வந்தது. ஐந்து பவுன். என் படிப்புக்காக அடகு வைத்தார்கள். வருஷம் முடியும்போது அப்பா எங்கேயாவது புரட்டி வட்டியைக் கட்டி அன்றைக்கே திருப்பி வைத்துவிட்டு வருவார். அசலில் ஒரு ரூபாய் குறையாது. சீட்டில் தேதி மட்டும் மாறும். ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் எங்கள் வீட்டில் கடனை நினைக்கிற நாள். அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். “பாவங்கள் உண்டென்று அவைகளினாலே வருஷந்தோறும் நினைவுகூருதல் உண்டாயிருக்கிறது” என்று 10:3-ல் வாசித்தபோது அம்மாவின் அந்த முகம்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வேலை கிடைத்து முதல் வருஷத்தில் மீட்டுக்கொண்டு வந்தேன். அம்மா போட்டுக்கொள்ளக்கூட இல்லை, கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. “பாவங்களை இனி நினையாதிருப்பேன்” என்றால் கடவுள் மறதிக்காரர் ஆகிவிட்டார் என்று இல்லையே, நினைக்க இனி அங்கே ஒன்றும் இல்லை.

10:11, 12-ல் ஆசாரியன் ‘நிற்பான்’, இயேசு ‘உட்கார்ந்தார்’ என்று வருகிறது. கூடாரத்தில் ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை கிடையாது, வேலை முடியவே முடியாது என்பதால். பிள்ளைகள் உடனே “கிருபாசனம் இருக்கே டீச்சர்” என்பார்கள், தமிழில் அந்தப் பெயரிலேயே ஆசனம் இருக்கிறது. எபிரேயத்தில் அது உடன்படிக்கைப் பெட்டியின் மூடிதானாமே? அதன்மேல் எந்த மனுஷனும் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

இப்போது என் மூன்றாவது கேள்வி மட்டும் மிச்சம். பெரியவரே, மறந்துவிடாதீர்கள்.

பழைய பத்திர எழுத்தர்:

மறக்கவில்லை அம்மா. ஆரத்தைப்பற்றி எழுதினீர்களே, அதை அப்படியே வகுப்பில் சொல்லுங்கள். என் பத்திரப் பேச்சைவிட அது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

முதலில் புதிய விசுவாசித் தம்பிக்கு. தம்பி, கிரயம் முடிந்து புதுப் பத்திரம் கைக்கு வந்தபின், சொத்தின் முந்தின பத்திரமான தாய்ப்பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறவனை நான் கண்டதில்லை. புதுப் பத்திரத்துக்குள்ளேயே ‘இன்ன வருஷத்து இன்ன எண் பத்திரப்படி பாத்தியப்பட்ட’ என்று தாய்ப்பத்திரத்தைச் சொல்லித்தான் எழுதுவோம். புது உடன்படிக்கை என்ற சொல்லே எரேமியாவில்தான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டை விட்டால் நம் கையிலிருப்பது எதைப்பற்றின பத்திரம் என்று நமக்கே தெரியாது. லேவியராகமத்தில் நின்றது தப்பில்லை, டீச்சர் சொன்ன 16-ம் அதிகாரத்திலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள்.

டீச்சரம்மா, போதிக்கவேண்டுவதில்லை என்ற வசனத்தோடு இரண்டு நாள் கிடந்தேன். எரேமியா 17:1-க்குப் போனபோதுதான் ஒரு வழி தெரிந்தது. யூதாவின் பாவம் இரும்பெழுத்தாணியினால் எழுதப்பட்டிருக்கிறது என்கிறார் தீர்க்கதரிசி. எங்கே எழுதப்பட்டிருக்கிறது? “இருதயத்தின் பலகையிலும்.” நம் தமிழில் ஓலையில் எழுதினவர்களுக்கு எழுத்தாணி என்றால் என்ன என்று தெரியும். மையை அழிக்கலாம், கீறினதை அழிக்க முடியாது. பதினான்கு அதிகாரம் தள்ளி அதே இருதயத்தில்தான் கர்த்தர் தம்முடைய பிரமாணத்தை எழுதுவேன் என்கிறார். வெற்றுத்தாள் கிடைத்து எழுதவில்லை. ஏற்கெனவே கீறிக்கிடக்கிற பலகையில் எழுத ஒப்புக்கொள்கிறார். அந்த எழுத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் என்னுடைய பலகை எனக்குத் தெரியும்.

பவுல் எபேசியர் 1:14-ல் பரிசுத்த ஆவியானவரை “நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்” என்கிறார். அச்சாரம் கொடுத்தால் பேச்சு முடிந்துவிட்டது, மாற்ற முடியாது. ஆனால் முழுத்தொகையும் சுவாதீனமும், அதாவது சொத்து கைக்கு வருவதும், பிறகுதான். எல்லாரும் அவரை அறிகிற அந்த நாளுக்கு அச்சாரம் வாங்கிவிட்டோம், சுவாதீனம் முழுசாக வரவில்லை. அதுவரை சாக்பீஸ் வேண்டும். நீங்கள் வெளியே கரும்பலகையில் எழுதுகிறீர்கள். உள்ளே எழுதுகிறவர் வேறு. அந்தப் பிள்ளை உட்காராமல் நின்றாளே, உள்ளே எழுத்து நடக்கிறது என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நேரமிருந்தால் எரேமியா 32-ஐயும் வாசித்துக் காட்டுங்கள். புது உடன்படிக்கை சொன்ன கையோடு வருகிற அதிகாரம். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது, எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அப்போது போய் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறான். பதினேழு சேக்கல் வெள்ளி, தராசில் நிறுத்துக் கொடுக்கிறான். பத்திரம், கையெழுத்து, முத்திரை, சாட்சிகள், ஒன்று முத்திரைபோட்டது, ஒன்று திறந்தது. இரண்டையும் தன் எழுத்தனாகிய பாருக்கின் கையில் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். என் தொழிலுக்கு வேதத்தில் இவ்வளவு மரியாதை வேறு எங்கும் இல்லை. எதிரி கையில் போகப்போகிற ஊரில் பத்திரம் முடிக்கிறவனுக்கு எவ்வளவு நிச்சயம் இருந்திருக்கவேண்டும்!

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:

இன்றைக்கு வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். ஆரத்தைச் சொன்னேன், ஜாமீனையும் சொன்னேன் (பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை ஐயா). “அவர்களைக் குற்றப்படுத்தி” என்பதை அவளையே வாசிக்க வைத்தேன். வாசித்துவிட்டு, “அப்ப பிழை எங்களுது, ஆனா கட்டினது அவர்” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

32-ம் அதிகாரமும் வாசித்தோம். மணி அடித்து எல்லாரும் எழும்பின பிறகு அவள் மட்டும் மேசைக்கு வந்து கேட்டாள்: “அந்தப் பானையை யாராவது எடுத்தாங்களா டீச்சர்?” வேதத்தில் அது எழுதப்படவில்லை, எரேமியாவை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவன் அந்த நிலத்துக்குத் திரும்பி வந்ததாக எங்கும் இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். “திரும்பி வரமாட்டோம்னு தெரிஞ்சே வாங்கினாரா?”

அடுத்த ஞாயிறு இதிலிருந்து தொடங்குவோம் என்று சொல்லியிருக்கிறேன்.